விறகு அடுப்புக்குள்ள ஒரு கன்ட்ரோல் போர்டு: பெல்லட் ஸ்டவ்வின் கதை

வெயில்ல வேகுற ஊர்ல உட்கார்ந்துகிட்டு ஹீட்டர் பத்தி எபிசோடான்னு கேட்காதீங்க. குளிர்நாட்டுல ஒரு சின்ன வீட்டைச் சூடாக்க பெல்லட் ஸ்டவ் வாங்குறவங்க விலையையும் டிசைனையும்தான் முதல்ல பார்ப்பாங்க. ஆனா இந்த மெஷினோட வரலாறு தெரிஞ்சா, கடையில கேட்கவேண்டிய கேள்விகளே மாறிடும்.

கதை 1973 அக்டோபர்ல ஆரம்பிக்குது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புறதை நிறுத்தின பிறகு, பீப்பாய் சுமார் 3 டாலரா இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. ஆயில் ஹீட்டர் வைத்திருந்த குடும்பங்கள் மறுபடி விறகு பக்கம் திரும்பின. விளைவு? 1980களில் ஓரிகன் மாநிலத்தின் மெட்ஃபோர்ட் மாதிரி பள்ளத்தாக்கு ஊர்களில் குளிர்காலம் வந்தாலே விறகுப் புகை மேலே போக வழியில்லாமல் ஊர்மேலேயே தங்கியது.

அதே பகுதியில்தான் மரம் அறுக்கும் மில்களும் அதிகம். மரத்தூள் அங்கே குப்பை. அந்தத் தூளை நல்லா காயவைத்து, அதிக அழுத்தத்தில் சின்னத் துளைகள் வழியா தள்ளினா, மரத்திலேயே இருக்கும் லிக்னின் சூட்டில் இளகி, ஆறும்போது பசை மாதிரி இறுகிடும். தனியா பசை எதுவும் தேவையில்லை. சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு குச்சி ரெடி. இதுதான் பெல்லட்.

முதலில் இது தொழிற்சாலை பாய்லர்களுக்குத்தான் போனது. வீட்டுக்குக் கொண்டு வந்தவர் ஜெர்ரி விட்ஃபீல்ட். வாஷிங்டன் மாநிலத்தில், போயிங்கில் வேலை பார்த்த இன்ஜினியர். 1980களின் தொடக்கத்தில் அவர் செய்த ஸ்டவ்வில், ஒரு திருகுத் தண்டு பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளும். ஒரு ஃபேன் காற்றை ஊதும். எவ்வளவு எரிபொருள், எவ்வளவு காற்றுன்னு மனுஷன் கை வைக்காமல் மெஷினே பார்த்துக்கொள்ளும். புகை குறைந்ததுக்குக் காரணம் இந்தக் கட்டுப்பாடுதான்.

இங்கேதான் ட்விஸ்ட். 1988ல் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விறகு ஸ்டவ்களுக்குப் புகை வரம்பு கொண்டு வந்தது. ஆனா எரிபொருளைப்போல் 35 மடங்கோ அதற்கு மேலோ காற்று இழுக்கும் சாதனங்களுக்கு விலக்கு. அந்த ஓட்டை வழியா நுழைய, சில கம்பெனிகள் வேணும்னே கூடுதல் காற்று போற மாதிரி டிசைன் பண்ணின. தேவைக்கு மேல போற காற்று சும்மா போகாது. வீட்டுக்கு வரவேண்டிய சூட்டையும் புகைக்குழாய் வழியா தூக்கிட்டுப் போயிடும். 2015ல்தான் இந்த ஓட்டையை அடைத்தாங்க. அதனால அமெரிக்காவில் செகண்ட் ஹேண்ட் ஸ்டவ் பார்க்கும்போது, அது எந்த வருஷத்து மாடல், சான்றிதழ் இருக்கான்னு கேட்கணும்.

அடுத்தது சைஸ். சின்ன வீட்டுக்குப் பெரிய ஸ்டவ் வாங்கினா சீக்கிரம் சூடாகி, அணைந்து, மறுபடி பற்றிக்கொண்டே இருக்கும். பற்றவைக்கும் நேரத்தில்தான் புகை அதிகம். அதனால ஸ்டவ்வோட அதிகபட்ச கிலோவாட்டை விட, அது எவ்வளவு குறைவா எரிய முடியும்ங்கிறதுதான் முக்கியம். நல்லா சீல் பண்ணின சின்ன வீடுன்னா, எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்தே குழாய் வழியா எடுக்குற மாடலா பாருங்க.

கடைசியா, இந்த வசதிக்கு ஒரு விலை இருக்கு. கரண்ட் போனா திருகும் நிற்கும், ஃபேனும் நிற்கும். பழைய விறகு அடுப்புக்கு அந்தக் கவலை இல்லை. 2022ல் உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய பெல்லட் இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. ஐரோப்பாவில் பெல்லட் விலை எகிறியது. எண்ணெய்ச் சந்தையிலிருந்து தப்பிக்கப் பிறந்த ஸ்டவ், இன்னொரு சந்தையில் மாட்டிக்கொண்டது. அதனால ஸ்டவ்வை புக் பண்றதுக்கு முன்னாடி, பக்கத்துல பெல்லட் தயாரிக்கிற மில் இருக்கா, மூட்டையை நனையாம அடுக்க இடம் இருக்கா, கரண்ட் போனா என்ன மாற்று வழின்னு பார்த்துடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.