பறக்காமல் கடல் கடந்த வண்டு

குதிரை மசால் நம்மூர் மாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த தீவனப்பயிர். அமெரிக்கப் பால்பண்ணைகளுக்கும் அதுவே முக்கியத் தீவனம். அதன் வேரைத் தின்று வயலையே அழிக்கும் ஐரோப்பியக் கூன்வண்டு ஒன்று 1896-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோவில் கண்டறியப்பட்டது. இதற்குப் பறக்கத் தெரியாது! பிறகெப்படிக் கடலைத் தாண்டியது? காலிக் கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க அடியில் நிரப்பிய மண்ணோடு வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்குள்ள வண்டுகள் அனைத்தும் பெண்களே. ஆண் துணையின்றியே இனம் பெருக்கும். ஆகவே ஒரே ஒரு வண்டு போதும், புதிய வயலும் பறிபோகும். மண்ணுக்குள் மறைந்திருக்கும் அதன் புழுக்களைப் பூச்சிமருந்தால் அடக்க முடியவில்லை. கடைசியில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் எல்சன் ஷீல்ட்ஸ் குழுவினர், அந்த வட்டாரத்து மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுக்களை வளர்த்து வயலில் விட்டனர். ஒருமுறை விட்டால் அவை பல ஆண்டுகள் மண்ணிலேயே தங்கி, வண்டின் புழுக்களைக் கொன்று பயிரைக் காக்கின்றன.