இரண்டு சீட்டுக் காலத்து வேலூர்

ஆவாரம்பட்டையின் காரமும் ஈரத்தோலின் நெடியும் காற்றில் கலந்திருக்கும் பாலாற்றங்கரையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வர்த்தகத்தின் ஏற்ற இறக்கங்களை விரித்துரைக்கும் அளவுக்கு, குடியரசின் முதற் பொதுத் தேர்தலில் வேலூர் மக்கள் எம்முறையில் வாக்களித்தார்கள் என்பதை விரித்துரைப்பதில்லை.

1952-இல் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரும் இல்லை, முத்திரை குத்தும் வழக்கமும் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவரவர் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி மறைவிடத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருக்க, வாக்காளர் தம் சீட்டை விரும்பிய பெட்டியில் இட்டுத் திரும்புவார். வேலூரோ இரட்டை உறுப்பினர் தொகுதியாதலால், அங்கு ஒருவருக்கு இரண்டு வாக்குகள் உண்டு. இரண்டையும் ஒரே வேட்பாளருக்கு அளிக்க மட்டும் சட்டம் இடந்தரவில்லை. நாடெங்கும் இத்தகைய தொகுதிகள் 86 இருந்தன. மூன்று உறுப்பினர் தொகுதியும் ஒன்று இருந்தது.

இந்த நுட்பத்தை மறந்ததனால்தான் ஜனரஞ்சகமான எழுத்துகளில் ஒரு பிழை வேரூன்றியது. வாக்காளர் தொகை சுமார் 17 கோடியே 32 லட்சம். செல்லுபடியான வாக்குகள் சுமார் 10 கோடியே 59 லட்சம். ஒன்றை மற்றொன்றால் வகுத்து, நூற்றுக்கு 61 பேர் வாக்களித்தனர் என்று சிலர் எழுதிவிடுகின்றனர். வாக்குகளை விட்டு ஆட்களை எண்ணினால் அது ஏறத்தாழ 45 ஆகவே நிற்கிறது.

ஓர் இடம் தாழ்த்தப்பட்டோர்க்கு, மற்றோரிடம் ஏனையோர்க்கு என்று பாகம் பிரித்துச் சொல்வதும் அத்தகைய பிழையே. தாழ்த்தப்பட்டோர்க்கோ பழங்குடியினர்க்கோ ஒதுக்கிய இடத்தை முதலில் நிரப்பியபின், எஞ்சிய இடம் எவ்வகுப்பினராயினும் மிகுதியான வாக்குப் பெற்றவரையே சேரும். 1957-இல் பார்வதிபுரம் தொகுதியில் பழங்குடி வேட்பாளர் இருவரே இரண்டிடங்களையும் பெற, பின்னாளில் ஜனாதிபதியான வி. வி. கிரி தோல்வியுற்றார், அம்முடிவு முறையானதே என்று உச்ச நீதிமன்றம் 1959-இல் தீர்ப்பளித்தது. இரட்டைத் தொகுதிகளை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்ததனால், 1962-இல் வேலூர் ஒரே பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தது.

ஆகவே 1952, 1957 ஆகிய ஆண்டுகளின் வேலூர்க் கணக்கை இக்காலக் கணக்கோடு ஒப்பிட்டு, ஜனங்களின் அரசியல் ஆர்வம் வளர்ந்தது என்றோ தேய்ந்தது என்றோ முடிவுகட்டுவோர், ஒரு கைக்கு எத்தனை சீட்டு என்பதை முதலில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். முறையைச் சொல்லாது தொகையை மட்டும் சொல்வது, முதன்முதலாக வரிசையில் நின்று வாக்களித்த எளிய மக்களின் செயலைத் திரித்துரைப்பதாகும்.