நான்காம் கட்டம்

2015ஆம் ஆண்டு திசம்பர் 16ஆம் நாள், நம் நாட்டு நேரப்படி இரவு எட்டரை மணி. சிங்கப்பூரின் ஆறு செயற்கைக்கோள்களைச் சுமந்து இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ஏவுகலம் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து எழுந்தது. அவற்றுள் இரண்டு, நம் குவீன்ஸ்டவுன் வட்டாரத்துக் கென்ட் ரிட்ஜில் அமைந்த தேசியப் பல்கலைக்கழகத்திற்கு உரியவை.

ஏவுகலம் என்றதும் அதன் அடிப்பகுதி கக்கும் நெருப்பையே யாவரும் வியப்பர். முதற்கட்டத்தில் ஏறத்தாழ 139 டன் எரிபொருள். நான்காம் கட்டத்திலோ மூன்று டன்னுக்கும் குறைவு. ஆயினும், உயரத்திற்குச் சென்ற பொருள் அங்கேயே நிலைத்துவிடுவதில்லை. 550 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் வேகத்துடன் உரிய திசையில் விரைந்தாலன்றி, அது மீண்டும் வீழ்ந்துவிடும். அவ்வேகத்தை நிறைவு செய்து திசையைச் செம்மைப்படுத்துவது இறுதிக் கட்டமே.

இக்கட்டத்தின் வரலாற்றில் தமிழர்க்கும் பங்குண்டு. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், எஸ்.எல்.வி.-3 ஏவுகலத்தின் திட்டத் தலைவராகும் முன்னர், அதன் நான்காம் கட்டத்தை வடிவமைக்கும் பொறுப்பையே ஏற்றிருந்தார். 1979இல் முதல் முயற்சி தோற்றது. 1980 சூலை 18ஆம் நாள் ரோகிணி சுற்றுப்பாதை எய்தியது. அக்கட்டத்தின் வழிவந்த பொறியே 1981இல் ஆப்பிள் செயற்கைக்கோளுக்கும் உதவிற்று. இன்றைய பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டம் திரவ எரிபொருளால் இயங்குவது. அதன் பொறிகள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகின்றன.

முன்பெல்லாம் செயற்கைக்கோள்களை இறக்கிவைத்ததும் இக்கட்டம் வெறுங்கலமாகிச் சுற்றித் திரிந்தது. அன்றிரவோ நம் ஆறு கோள்களையும் விடுத்தபின், அணைந்திருந்த பொறி மீண்டும் சில நொடிகள் மூட்டப்பெற்றது. அச்சோதனையின் பயன் சிறிதன்று. 2016 செப்டம்பரில் ஒரே ஏவுகலம் இருவேறு சுற்றுப்பாதைகளில் செயற்கைக்கோள்களை அமர்த்தியது. 2023 ஏப்ரலில் நம் டெலியோஸ்-2ஐ ஏற்றிச்சென்ற கட்டம், பின்னர் ஆய்வுக் கருவிகளைத் தாங்கும் மேடையாயிற்று. அவ்வாண்டு சூலையில் நம் மற்றொரு செயற்கைக்கோளை 535 கிலோமீட்டர் உயரத்தில் விடுத்த கட்டம், விண்வெளியில் குப்பையாய் நெடுங்காலம் தங்காவண்ணம் 300 கிலோமீட்டர் உயரத்திற்குத் தானே தாழ்ந்தது.

செயலைத் தொடங்குவோரைப் போற்றும் நாம், அதனை முடித்து வைப்போரை மறத்தல் ஆகாது. பணி முடிந்தபின் பிறர்க்கு இடையூறாகாது விலகுதலும் அப்பணியின் ஒரு கூறே. வகுப்பறையில் ஏவுகலம் வரையும் மாணவரை, அதன் உச்சியிலுள்ள அச்சிறு பகுதிக்கும் பெயர் எழுதச் செய்வோமாக.