44,100 எங்கிருந்து வந்தது?

வீட்டில் பாட்டைப் பதிவு செய்யலாம் என்று மென்பொருளைத் திறந்தால், முதலில் வந்து நிற்கும் எண் 44,100. ஏன் இந்த விசித்திரக் கணக்கு?

மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பதிய, நொடிக்கு அதன் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும். சரி, 40,000க்கு மேல் எதுவும் போதுமே?

காரணம் வீடியோ டேப்! 1970களின் கடைசியில் டிஜிட்டல் ஒலியின் அத்தனை தகவலையும் சேமிக்க அதுவே வசதியாகக் கிடைத்தது. அமெரிக்க, ஜப்பானியக் கறுப்பு வெள்ளை வீடியோவில் நொடிக்கு 60 அரைப்படங்கள். ஒவ்வொன்றிலும் 245 கோடுகளில், கோட்டுக்கு 3 மாதிரிகள் வைத்தார்கள். பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 × 294 × 3. அதுவும் 44,100!

பிட் கணக்கில் இழுபறி. பிலிப்ஸ் 14 போதும் என்றது, சோனி 16 கேட்டது. 1980இல் சிடிக்கு 16 முடிவானது. ஆனாலும் 1982இல் வந்த பிலிப்ஸின் முதல் சிடி பிளேயரில் இருந்தது 14 பிட் சில்லுதான்.

16 பிட் தரும் 96 டெசிபல் இடைவெளி, கேட்பதற்குத் தாராளம். பதியும்போது கதை வேறு. பாடுபவர் திடீரென்று உச்சத்துக்குப் போனால் ஒலி உடையும். அதற்குப் பயந்து அளவைக் குறைத்துப் பதிந்தாலும் இரைச்சல் தெரியாமல் காப்பது 24 பிட்.

ஆகவே சிடிக்கு 44,100, வீடியோவுக்கு 48,000, பதிவுக்கு எப்போதும் 24 பிட். 44,100 காது போட்ட கணக்கு மட்டுமல்ல, பழைய டேப் போட்ட கணக்கும்கூட!