வேட்டைக்காரர்கள் போட்ட கட்டுப்பாடு

பெங்களூர் தொம்மலூரில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகள். வெள்ளிக்கிழமை இரவானால் முதுகுப்பையோடு ஊட்டி பஸ்ஸுக்குக் கிளம்பும் இளைஞர்கள். இதே பெங்களூரில் 1809இல் கன்டோன்மென்ட் அமைந்தது. அந்த நூற்றாண்டின் மதராஸ் படை அதிகாரிகளுக்கும் நீலகிரி மீது மோகம் இருந்தது. ஆனால் அவர்கள் மலையேறியது காட்சி பார்க்க அல்ல, சுட.

நீலகிரியின் மேற்கு விளிம்பிலிருக்கும் முக்குருத்தி (2,554 மீட்டர்) பக்கத்துப் பாறைச் சரிவுகள் வரையாட்டின் வீடு. முதுகு வெளுத்த கிழக்கடாவைத் தேடித் துப்பாக்கிகள் ஏறின. காட்டுமானும் வரையாடும் கண்ணில் படுவதே அரிதானது.

சுட்டவர்களே விழித்துக்கொண்டார்கள். 1877இல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சங்கம் உருவானது. இரண்டே ஆண்டில், 1879இல், மதராஸ் அரசு தனிச் சட்டமே போட்டது. உரிமம் வாங்காமல் சுடக்கூடாது. குறிப்பிட்ட மாதங்களில் வேட்டையே கூடாது. இதில் ஜீவகாருண்யம் தேட வேண்டாம். அடுத்த வருஷமும் கொம்பு கிடைக்க வேண்டுமே என்ற கணக்குதான். காடு தலைமுறைகளாக யாருடையதோ, அந்தப் பழங்குடிகளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இருந்தாலும், அந்தச் சுயநலக் கணக்கு இல்லாவிட்டால் நீலகிரியில் வரையாடு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.

தூண்டில்காரர்கள் தனி ரகம். மலை ஓடைகளில் ஊர் மீன் போதாதென்று சீமையிலிருந்து ட்ரவுட்டைக் கொண்டுவர நினைத்தார்கள். 1860களில் ஃப்ரான்சிஸ் டே எடுத்த முயற்சி பலிக்கவில்லை. ஹெச்.சி. வில்சன் காலத்தில், 1907 வாக்கில், அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகே வானவில் ட்ரவுட் நிலைத்தது. மீன் பிடிக்க வருவோர் தங்குவதற்கு முக்குருத்தியில் ஒரு குடிலும் எழுந்தது.

நாடு விடுதலை பெற்றபின் கதை வேகமாக மாறியது. குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் 1960களில் துப்பாக்கிக்குப் பதில் நோட்டுப்புத்தகத்தோடு சரிவுகளில் அலைந்து வரையாடுகளை எண்ணினார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வரையாட்டு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. முக்குருத்தி 1982இல் சரணாலயம், 1990இல் 78.46 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா.

மிஞ்சியது நடை மட்டும். அதற்கும் 2018 மார்ச்சில் மலையேறியவர்கள் பலியான குரங்கணிக் காட்டுத்தீ கடிவாளம் போட்டது. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலைப்பாதைகளை அறிவித்தது. முன்பதிவு ஆன்லைனில், துணைக்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டி. பட்டியலில் நீலகிரிப் பாதைகளும் பல. அவற்றில் ஒன்று பார்சன்ஸ் வேலியில் கிளம்பி, முக்குருத்திக் குடிலில் முடிகிறது.