பதிவேட்டில் இல்லாத பகைவன்

நோயை ஒழிக்க விரும்புவோர் முதலில் அதன் காரணத்தை அறிதல் வேண்டும். காரணத்தை அறிய விரும்புவோர், தாம் அறிந்தவை மட்டுமே உலகில் உள்ளவை என்னும் எண்ணத்தை அதற்கும் முன்னே கைவிடுதல் வேண்டும். பலரும் இடறுவது இந்த இரண்டாவது படியிலேதான். அதனை ஓர் ஆராய்ச்சி நிலையம் இடறாது கடந்த வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஜெர்மனியின் வடகிழக்கில், பால்டிக் கடலோரமாக ரீம்ஸ் என்னும் சிறு தீவு ஒன்று உண்டு. 1898 ஆம் ஆண்டில் லோஃப்ளர், ஃப்ராஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் மாடுகளின் கோமாரி நோயை ஆராய்ந்தனர். நோயுற்ற மாட்டின் கொப்புள நீரை, பாக்டீரியாக்கள் நுழையமாட்டாத நுண்ணிய வடிகட்டியில் வடித்தனர். வடித்தெடுத்த நீரும் நோயை உண்டாக்கிற்று. விலங்கினத்தைத் தாக்கும் வைரஸ் ஒன்று முதன்முதலாக அறியப்பட்டது அப்போதுதான். 1910 இல் லோஃப்ளர் அத்தீவிலே ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அந்நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இதற்கிடையே, பூச்சிக்கும் வைரசுக்கும் உள்ள உறவும் வெளிப்பட்டது. மஞ்சட் காய்ச்சலைக் கொசுவே பரப்புகின்றது என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881 இலேயே கூறினார். அதனை மதித்துக் கேட்டவர் மிகச் சிலரே. 1900 இல் வால்ட்டர் ரீடு தலைமையில் சென்ற அமெரிக்க இராணுவ மருத்துவர்கள் அவர் கூற்றை மெய்ப்பித்த பின்னரே உலகம் ஏற்றுக்கொண்டது.

நிற்க. 2011 ஆம் ஆண்டின் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் கறவை மாடுகள் பெயர் தெரியாத நோயால் வருந்தின. காய்ச்சல் 40 டிகிரிக்கு மேல் ஏறியது. மாடுகள் தீனியை வெறுத்தன. பால் வெகுவாகக் குறைந்தது. சிலவற்றுக்குக் கழிச்சலும் கண்டது. கோமாரி, நீலநாக்கு முதலிய அறிந்த நோய்களுக்குரிய சோதனைகள் அனைத்தும் செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் ‘இல்லை’ என்றே விடை தந்தது.

இதன் காரணத்தைத் தோட்டத்து வழக்கம் ஒன்றால் விளக்கலாம். காலையில் பெரட்டு எடுக்கும்போது கிராணி பதிவேட்டிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கிறான். பெயருக்குரியவன் விடை கூறுகிறான். பதிவேட்டில் பெயரில்லாத அயலான் ஒருவன் வரிசையில் நின்றால், எத்தனை முறை பெயர் அழைத்தாலும் அவன் அகப்படமாட்டான். அவனைக் கண்டுபிடிக்கப் பதிவேட்டை மூடிவிட்டு, நிற்பவர் அனைவரையும் முகம் பார்த்து எண்ணுதல் வேண்டும். பழைய சோதனைகள் பெயர் அழைப்பதை ஒத்தவை. மரபணு எழுத்துகளை முழுமையாகப் படிக்கும் புதுமுறை, முகம் பார்ப்பதை ஒத்தது.

ஷ்மாலன்பெர்க் என்னும் ஊரின் அருகே நோயுற்ற மாடுகளின் இரத்தம் ரீம்ஸ் தீவுக்கு வந்தது. அங்கிருந்த அறிஞர்கள் எந்த நோயையும் முன்கூட்டிக் கருதாமல், அவ்விரத்தத்தில் இருந்த மரபுப் பொருளையெல்லாம் திரட்டி, கருவியின் துணையால் எழுத்தெழுத்தாகப் படித்தனர். 27,000 க்கு மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. பெரும்பாலானவை மாட்டின் உடலுக்கே உரியவை. ஏழே ஏழு துண்டுகள் மட்டும் வேறொரு குலத்தைச் சார்ந்திருந்தன. பழைய நோய்களின் எழுத்துகளோடு ஒப்பிட்டபோது, ஜப்பானில் 1959 இல் கொசுக்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அகபானே என்னும் வைரசுக்கு உறவினன் ஒன்று அங்கே ஒளிந்திருப்பது தெரிந்தது. 2011 நவம்பரில் அச்செய்தி வெளியிடப்பட்டது. இரத்தம் வந்த ஊரின் பெயரே வைரசுக்கும் இடப்பட்டது.

அவ்வேழு துண்டுகள் உணர்த்திய பொருள் பெரிது. அகபானேயைக் கடிக்கும் பூச்சிகள் சுமக்கின்றன. அது கருவுற்ற மாட்டைத் தாக்கினால் கன்று உருக்குலைந்து பிறக்கும். உறவினனும் அவ்வாறே செய்யக்கூடும் அன்றோ? மாடுகளின் காய்ச்சல் தணிந்திருந்த வேளையிலே, வரப்போகும் துன்பத்தை அறிஞர்கள் எதிர்நோக்கி நின்றனர்.

ஆயினும் எழுத்தைக் கண்டது கொண்டே குற்றத்தைச் சாட்டிவிடலாகாது. உடலில் ஒரு வைரஸ் இருப்பது வேறு. அதுவே நோயை விளைத்தது என்பது வேறு. ஆதலின் அறிஞர்கள் வைரசை உயிரணுக்களில் வளர்த்தனர், கன்றுகளுக்குச் செலுத்தினர், அவற்றின் இரத்தத்தில் அது மீண்டும் தோன்றக் கண்டனர். பின்னர், டென்மார்க்கில் 2011 அக்டோபரில் பிடிக்கப்பட்ட பூச்சிகளிலும் அதன் எழுத்துகள் காணப்பட்டன. அப்பூச்சி கியூலிக்காய்டிஸ் என்னும் பொடி ஈ. மலாய்க்காரர் அகாஸ் என அழைக்கும் இனத்தைச் சார்ந்தது. நீளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான்.

டிசம்பரில் நெதர்லாந்திலும், அதன்பின் ஜெர்மனி, பெல்ஜியம், இங்கிலாந்து, பிரான்சு முதலிய நாடுகளிலும் ஆட்டுக்குட்டிகள் மடங்கி இறுகிய கால்களோடும், வளர்ச்சியற்ற மூளையோடும், பல உயிரின்றியும் பிறந்தன. பண்டைப் பாபிலோனியர் இத்தகைய பிறப்புகளை அரசனுக்கும் நாட்டுக்கும் வரவிருக்கும் நன்மை தீமைகளின் குறி எனக் கொண்டு, அவற்றின் பலன்களைக் களிமண் பலகைகளில் வரிசையாக எழுதிவைத்தனர். 2011 இன் ஆயர்களுக்குச் சகுனம் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. வைரசைக் கண்டறியும் சோதனை முன்னமே அணியமாக இருந்தது. அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் அது வழங்கப்பட்டது. நோயுற்ற மந்தைகளோடு பழகியவர்களைச் சோதித்தபோது மனிதருக்கு அது தொற்றியதற்குச் சான்று இல்லை என்பதும் விளங்கிற்று. 2013 இல் தடுப்பூசியும் வந்தது.

பெயர் தவறினால் என்ன நேரும் என்பதை நம் நாடே கண்டிருக்கிறது. 1998 செப்டம்பர் முதல் பேராக்கில் பன்றிப் பண்ணையாளர் மூளைக் காய்ச்சலால் மாண்டனர். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலே அது என்று கருதப்பட்டது. கொசுவை ஒழிக்கப் புகை அடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். சாவோ நின்றபாடில்லை. பன்றிகளோடு பழகும் வளர்ந்த ஆண்களையே நோய் தாக்குவதையும், தடுப்பூசி போட்டவரையும் அது விடாததையும் சிலர் கவனித்தனர். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரசைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பாவின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. அதனைக் கொசு கொணரவில்லை. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் அது வந்தது. நோயுற்றோர் 265 பேர். மாண்டோர் 105 பேர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. எல்லாவற்றையும் ஒருங்கே படிக்கும் கருவி அக்காலத்து மருத்துவர் கையில் இல்லை. ஆதலின் அவர்களைப் பழிப்பது முறையன்று. ஆனால் தவறான பெயரைப் பற்றிக்கொண்டு கழிந்த அம்மாதங்களின் விலையை மறப்பதும் முறையன்று.

இன்று கொசுவையும் பொடி ஈயையும் பொறி வைத்துப் பிடித்து, அவை சுமக்கும் வைரசுகளை நோய் தோன்றுமுன்னரே படிக்கின்றனர். அவ்வாறு கிடைப்பவற்றுள் பல பூச்சிக்கே உரியவை. நமக்குத் தீங்கு செய்யாதவை. ஆகவே ஒவ்வொரு புதுப் பெயரைக் கேட்டும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் கருவி எத்துணை நுட்பமானதாயினும், மாடு நோயுற்றதைக் கண்டு மருத்துவரை அழைத்த பண்ணையாளரும், அவ்விரத்தத்தை ஆய்வுக்கு அனுப்பிய மருத்துவரும் இல்லையேல் அந்த ஏழு துண்டுகளை எவரும் படித்திருக்க இயலாது. நம் தோட்டத்திலோ கம்பத்திலோ இனந்தெரியாத காய்ச்சல் கண்டால், காரணம் இதுதான் என்று நாமே துணிந்து சொல்லிவிடாமல், தெரியவில்லை என்பதைத் தெரிந்தவரிடம் காலந்தாழ்த்தாது தெரிவிப்போமாக.