பதிவேட்டில் இடம்பெறாத மாத்திரை: 72 விழுக்காடு குறித்து ஒரு மறுவாசிப்பு

மதுச் சார்புக்குச் சிகிச்சை பெறும் ஆண்களிடம் பாலியல் குறைபாடு மிகுதி என்பதை இங்கு யாரும் மறுக்கவில்லை. அந்த மிகுதியை அளந்த விதத்தில்தான் எனக்கு ஐயம். குடி குறைபாட்டைத் தருகிறது, குடியை நிறுத்தினால் குறைபாடு நீங்கும், ஆகவே விறைப்பு மாத்திரை பற்றித் தனியே கேட்க வேண்டியதில்லை என்றொரு கருத்து நம் துறையில் நெடுங்காலமாக நிலவுகிறது. அதன் முதல் இரண்டு பகுதிகளைப் பெருமளவு ஏற்கிறேன். மூன்றாவது அவற்றிலிருந்து பெறப்படுவதன்று.

இக்கருத்துக்கு வலுவான சான்றாகக் காட்டப்படுவது, 2007இல் இந்திய உளமருத்துவ இதழில் வெளிவந்த நிம்ஹான்ஸ் ஆய்வு. பெங்களூருவில் மதுச் சார்புக்காகச் சேர்க்கப்பட்ட 100 ஆண்களில் 72 பேருக்கு ஒன்றோ அதற்கு மேலோ பாலியல் குறைபாடுகள் இருந்தன. விந்து முந்துதல், நாட்டக் குறைவு, விறைப்புக் குறைபாடு ஆகியவை முன்னின்றன. குறைபாட்டை முன்னுணர்த்திய காரணிகளில் முதன்மையானது குடியின் அளவு. பயன்படுத்திய கருவி, ஐசிடி-10 வரையறையை ஒட்டிய 12 இனங்கள் கொண்ட பட்டியல்.

அந்த 12 இனங்களும் குறைபாட்டின் வகைகள். குறைபாட்டுக்கு அவர் என்ன செய்துகொள்கிறார் என்பது அவற்றுள் அடங்காது. மாத்திரை போட்டுக்கொண்டு இல்லறம் நடத்தும் ஒருவரிடம் 'சிரமம் உண்டா?' என்று கேட்டால், 'இல்லை' என்பது பொய்யாகாது. ஆனால் அது மாத்திரை சொல்லும் பதில். ஐசிடி-10 இங்கே ஓரளவு விழிப்பாகவே இருக்கிறது: குறைபாடு முழுவதும் மருந்துச் சிகிச்சையால் வந்ததாக இருக்கக்கூடாது என்கிறது. குறைபாட்டை உண்டாக்கும் மருந்தை அது கணக்கில் எடுத்தது. மறைக்கும் மருந்தை எடுக்கவில்லை. இந்தியாவில் விறைப்பு மாத்திரையான சில்டெனாஃபில் 2001 முதலே உள்நாட்டுத் தயாரிப்பாக மலிவு விலையில் கிடைத்துவந்ததால், இதை வெறும் தர்க்க விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. 72 என்பது உண்மை அளவைவிடக் குறைவாக இருக்கலாம். குடியின் அளவோடு காட்டப்பட்ட உறவும் பிசகியிருக்கலாம்: மிகுதியாகக் குடிப்பவர்களே மிகுதியாக மாத்திரை போட்டிருந்தால் அந்த உறவு மங்கியிருக்கும், கையில் காசுள்ள மிதக்குடியர்கள் போட்டிருந்தால் பெருகியிருக்கும். எது நடந்தது என்று அந்தத் தரவிலிருந்து சொல்ல இயலாது. கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம்.

வளவனூரைப் போன்ற ஊரில் இந்த விடுபடல் எளிதில் ஆபத்தாகும். மேற்கே விழுப்புரம், கிழக்கே கூப்பிடு தூரத்தில் புதுச்சேரி எல்லையும் மலிவான மதுவும். சில்டெனாஃபில் அட்டவணை எச் மருந்து, சீட்டில்லாமல் விற்கக்கூடாது. ஆனால் 'நரம்புத் தளர்ச்சி' என்று தயங்கிச் சொல்பவருக்குக் கடைக்காரர் அட்டையிலிருந்து ஒற்றை மாத்திரையைக் கத்தரித்துத் தாளில் மடித்துக் கொடுப்பதை நம்மில் யார் அறியார்? பெரும்பாலும் அது 100 மில்லிகிராம். ஈரல் சுருங்கியவருக்குத் தொடக்க அளவு 25 தான், இம்மருந்து ஈரலில்தான் சிதைகிறது என்பதால். போதை மீட்புப் பிரிவுக்கு வருபவர்களில் ஈரல் கெட்டவர்கள் எத்தனை பேர் என்பதை முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் பணிபுரிவோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவருக்கு இம்மாத்திரை அறவே கூடாது. குடியை விடக் கொடுக்கப்படும் டைசல்ஃபிராம் எடுத்துக்கொண்டிருக்கையில் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரியும்; ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மாத்திரை ஒன்றும் உள்ளே இருந்தால் அந்தச் சரிவு ஆழமாகும் என்று அஞ்சக் காரணம் உண்டு. மூலிகை லேகியம் மட்டுமே சாப்பிடுவதாகச் சொல்பவரையும் விட்டுவிட முடியாது. அவ்வகைத் தயாரிப்புகளில் சில்டெனாஃபில் கலந்திருந்தது உலகெங்கும் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

கேட்டால் நோயாளி கூசுவார் என்பர். எத்தனை குவார்ட்டர், எப்போது கை நடுங்கியது, மனைவியை அடித்தீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு இங்கு மட்டும் கூச்சம் பார்ப்பது பொருந்தாது. கேள்வியே மாத்திரையைக் கற்றுக்கொடுத்துவிடும் என்ற அச்சத்துக்கோ, மருந்துக் கடை வாசலே போதிய மறுமொழி.

விறைப்பு போய்விடுமோ என்று பயந்து குடிக்கத் தொடங்கியவரும், குடியால் விறைப்பு போனவரும், மாத்திரை இருக்கிறது என்ற துணிவில் குடியைத் தொடர்பவரும் அந்தப் பட்டியலின் முன் ஒரே ஆளாகத் தெரிவார்கள். மூவருக்கும் ஒரே சிகிச்சை ஆகாது. மூன்றாமவர் குடியை விடும்போது மாத்திரையையும் விடுகிறாரா என்பது, மறுபடி குடிப்பாரா என்பதோடு தொடர்புடையது என்றே கருதுகிறேன். இதைச் சோதித்துப் பார்க்கச் சேர்க்கைப் படிவத்தில் இரண்டு வரிகள் போதும்: கடந்த ஆறு மாதத்தில் என்ன மாத்திரை அல்லது லேகியம், எங்கே வாங்கியது. டைசல்ஃபிராமை நாள்தோறும் கையில் எடுத்துக் கொடுக்கப்போகிறவர் பெரும்பாலும் மனைவிதான். அவரிடமும் அதே கேள்வியைத் தனியே கேட்டு, இரண்டு பதில்களையும் அருகருகே எழுதிவைக்க வேண்டும்.